கால நிர்வாகம் (கல்லூரி மாணாக்கர்)

கால நிர்வாகம் என்பது, தமக்குள்ள நேரத்தின் அளவை உள்ளபடி அறிந்து, செய்ய வேண்டிய காரியங்களின் அளவோடு அதைப் பொருத்தி, இன்னது முன், இன்னது பின் என்று முறைப்படுத்தி நடத்திச் செல்லும் பழக்கத்தைக் குறிக்கும். கல்லூரி மாணாக்கரைப் பொறுத்தவரை, வகுப்பு, பரிசோதனைச்சாலை, பிரயாணம், வீட்டு வேலை, உறக்கம் ஆகியவற்றுக்கிடையே படிப்பிற்குரிய இடத்தை நிலைநிறுத்துவதும், படித்தது மறந்துபோகாதபடி படிக்கும் வேளைகளைப் பகிர்ந்து வைப்பதும் இதில் அடங்கும்.

இவ்விஷயத்தைப் பற்றி மேடையேறுவோர் திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தைத் துணைக்கழைப்பது வழக்கம். ஆயினும் பொருட்பாலில் அரசியலின்கண் அமைந்த அவ்வதிகாரம், வினைமேற் செல்லும் அரசன் தக்க சமயத்தைத் தேர்வதைப் பற்றியதேயன்றி, அன்றாடப் பொழுதைப் பகுத்து வேலை செய்வதைப் பற்றியதன்று. மாணாக்கருக்கு அதனினும் நெருக்கமானது மடியின்மை அதிகாரமே. காரியத்தை நீட்டிக்கொண்டே போகும் இயல்பை 'நெடுநீர்' என்ற சொல்லால் அங்கே சுட்டும் வள்ளுவர், சோம்பலாகிய மடியினின்றும் அதை வேறாக வைத்து எண்ணியிருக்கிறார். தள்ளிப்போடுவோர் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர் என்று இக்கால மனோதத்துவ நூலார் வற்புறுத்திக் கூறுவதை நோக்க, இந்தப் பாகுபாட்டின் நுட்பம் விளங்கும்.

வாரத்தின் கணக்கு

பரீட்சை ஆண்டிற்கொரு முறை மட்டும் நடைபெற்றுவந்த நாட்களில், பாடங்களைப் பல மாதம் ஆறப்போட்டுவிட்டுக் கடைசியில் இரவைப் பகலாக்கிப் படித்துக் கரையேறியவர்கள் உண்டு. அவர்களுடைய வீரக் கதைகள் இன்றும் குடும்பங்களில் பேசப்படுவதால், அதே உபாயம் இக்காலத்திலும் பலிக்கும் என்ற பிரமை பிள்ளைகளிடம் நிலவுகிறது. பருவமுறை அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறிமுறைப்படி ஒரு பருவம் 15 முதல் 18 வாரங்களைக் கொண்டது; பாடம் நடக்கும் நாட்கள் 90. வாரத்திற்கு ஒரு மணி நேர விரிவுரை, அல்லது இரண்டு மணி நேரச் செய்முறைப் பயிற்சி, ஒரு கிரெடிட்டாகக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சொற்ப நாட்களுக்குள்ளேயே இன்டர்னல் தேர்வுகள், அசைன்மென்ட், செமினார், ரெக்கார்டு நோட்டு, மாடல் தேர்வு ஆகிய அனைத்தும் வந்து நிற்கின்றன. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில், நூற்றுக்கு 25 மதிப்பெண் பருவ இறுதித் தேர்வு எழுதுவதற்கு முன்பே இவற்றால் தீர்மானமாகிவிடுகிறது. தவறிய பாடம் 'அரியர்' என்ற பெயரோடு அடுத்த பருவத்தின் தோளில் ஏறிக்கொள்வதால், முந்திய பருவத்தில் இழந்த நேரத்திற்குப் பிந்திய பருவம் வட்டி கட்ட நேர்கிறது.

வாரத்திற்கு 168 மணி நேரம். இதில் நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் உறக்கத்திற்கு 56, குளியல், உணவு முதலியவற்றிற்கு மூன்று மணி வீதம் 21, நாளைக்கு ஐந்து மணி வீதம் ஆறு நாள் வகுப்பிற்கு 30, வீட்டிலிருந்து கல்லூரிக்கும் கல்லூரியிலிருந்து வீட்டிற்கும் பஸ்ஸில் இரண்டரை மணி வீதம் 15 என்று கழித்தால், மிச்சம் 46 மணி. மாலையில் ஜவுளிக் கடையிலோ உணவகத்திலோ நான்கு மணி நேரம் ஆறு நாளும் வேலை பார்ப்பவருக்கு அது 22 மணியாகச் சுருங்கும். வகுப்பில் கழித்த ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி படிக்க வேண்டும் என்று அமெரிக்கப் புத்தகங்கள் சொல்லும் பிரமாணத்தை இங்கே அப்படியே எடுத்தோதுவோர், அந்நாட்டுக் கல்லூரிகளில் வாரத்திற்குப் பதினைந்து மணியளவே வகுப்பு நடப்பதைக் கவனிப்பதில்லை. நம்முடைய முப்பது மணிக்கு அந்தப் பிரமாணத்தைப் பிரயோகித்தால் அறுபது மணி தேவைப்படும். உறக்கத்தைக் களவாடினாலன்றி அது கிடைக்காது. ஆகையால் மாணாக்கர் முதலில் செய்யத்தக்கது அட்டவணை போடுவதன்று. ஒரு வாரம் தமது பொழுது எவ்வாறு கழிந்தது என்பதை, மளிகைக் கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல, நடந்தது நடந்தபடி எழுதிப் பார்ப்பதே.

மதிப்பீட்டுப் பிழை

இந்தப் பேரேட்டின் அவசியம், மனிதர் தம் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடும் சுபாவமுடையவர் என்பதிலிருந்து எழுகிறது. 1979-ஆம் ஆண்டில் டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் இதைத் திட்டமிடுதலில் நேரும் ஒரு பொதுவான மயக்கமாக எடுத்துக்காட்டினர். கனடாவில் ராஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் செய்து 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நேரே மாணாக்கரைப் பற்றியது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 மாணாக்கரை, எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாட்கள். எடுத்துக்கொண்டதோ 55 நாட்களுக்கும் மேல். எல்லாமே தடைப்பட்டுப் போனால் எத்தனை நாளாகும் என்ற கேள்விக்கு அவர்கள் அளித்த விடையும் 49 நாட்களைத் தாண்டவில்லை. அதாவது, தம்மால் கற்பனை செய்ய முடிந்த பெருந்தாமதத்தையும் நடைமுறை மிஞ்சிவிட்டது. இங்கே ரெக்கார்டு நோட்டை ஒரே இரவில் எழுதி முடித்துவிடலாம் என்று நம்பி, படம் வரைவதற்கே விடியற்காலை நான்கு மணியாகிவிட்ட அனுபவம் விஞ்ஞானப் பிரிவு மாணாக்கருக்குப் புதிதன்று.

இதற்கு நேர் எதிரான ஒரு குறையும் உண்டு. வேலையை முடிக்க எவ்வளவு அவகாசம் இருக்கிறதோ அவ்வளவிற்கும் அவ்வேலை விரிந்துகொடுக்கும் என்பதை, அப்போது சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகச் சரித்திரப் பேராசிரியராயிருந்த சி. நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் பாதி விளையாட்டாக எழுதினார். அவர் பரிகசித்தது அரசாங்க உத்தியோகஸ்தர்களையே எனினும், பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையைக் கண்டவர் எவரும் அதன் உண்மையை ஒப்புக்கொள்வர்.

மறதியும் இடைவெளியும்

படிப்பு சம்பந்தமான கால நிர்வாகத்தை மற்றத் தொழில்களின் கால நிர்வாகத்தினின்றும் பிரித்துக் காட்டுவது மறதியே. தச்சர் செய்து முடித்த நாற்காலி மறுநாளும் நாற்காலியாகவே இருக்கும். மாணாக்கர் படித்து முடித்த பாடமோ, முடித்த கணத்திலிருந்தே கரையத் தொடங்குகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைக் கோவை கோவையாகத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, இந்தக் கரைதலின் வேகத்தை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு நாள் கழிந்தபின் அதே கோவையை மறுபடியும் மனனம் செய்யும்போது, முன்பு பட்ட பிரயாசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமாயிற்று. அந்த நூலிலேயே இன்னொரு முடிவு இருக்கிறது. மாணாக்கருக்கு அது முன்னதைவிட மதிப்புடையது. ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்ப ஓதியதால் கிடைத்த பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை ஓதியதாலேயே அவர் அடைந்தார். இடைவெளி விட்டுப் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதற்கு இதைக் காட்டிலும் சிக்கனமான சான்று தேடவேண்டியதில்லை.

நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் ஐந்து யூனிட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது பொதுவான ஏற்பாடு. பருவத்திற்கு ஐந்து பாடம் என்று கொண்டால் 25 யூனிட்டுகள்; பதினைந்து வாரங்களில் வாரத்திற்கு இரண்டிற்கும் குறைவு. இதையே கடைசிப் பத்து நாட்களுக்கு ஒதுக்கினால் நாளைக்கு இரண்டரை யூனிட். அப்போது ஒன்றை ஒரு தடவைக்கு மேல் திரும்பிப் பார்க்க இடமிராது. அன்று நடந்த பாடத்தை அன்றிரவு சிறிது நேரமும், வார இறுதியில் மறுபடியும், மாதம் கழிந்தபின் இன்னொரு முறையும் எடுத்துப் பார்ப்பவர், மொத்தத்தில் குறைந்த மணிகளே செலவிட்டிருப்பார். எடுத்துப் பார்ப்பது என்றால் புத்தகத்தைத் திறந்து வரிகளுக்கு மஞ்சள் மை பூசுவதன்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே மேலானது என்பதை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்போர் நிறுவினர். ஐந்து நிமிடத்திற்குப் பின் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னின்றார்கள். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோது, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். வாசிப்பு உண்டாக்கும் தெளிவு பரீட்சை நாள்வரை நிலைக்காத பொய்த் தெளிவு என்பதே இதன் தாத்பரியம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே செய்யத்தக்க படிப்பும் இது ஒன்றுதான்.

உறக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1924-இல் ஜெங்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களைப் பரிசோதனைச்சாலையிலேயே தங்கவைத்துச் சோதித்து, விழித்திருந்த மணிகளைவிட உறங்கிய மணிகளில் மறதி மிகக் குறைவு என்று கண்டனர். பிற்கால ஆராய்ச்சிகளும் அதே திசையில் செல்கின்றன.

தள்ளிப்போடுதல்

நெடுநீர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு, டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒரு விளக்கம் தருகிறது. பருவத்தின் ஆரம்பத்தில், தள்ளிப்போடும் மாணாக்கர் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் ஆரோக்கியமாகவும் இருந்தனர், பருவ முடிவில் நிலைமை தலைகீழாகி, மன வேதனையும் உடல் நோவும் அவர்களுக்கே மிகுந்தன, மதிப்பெண்ணும் குறைந்தது. ஆகவே தள்ளிப்போடுதல் ஆரம்பத்தில் உண்மையாகவே சுகம் தருவது. தண்டனை வெகு தூரத்தில் நிற்பது. அறிவுரையால் மட்டும் இது தீராததற்குக் காரணம் இதுவே. "படிக்க வேண்டும்" என்ற பொதுவான சங்கல்பத்தைவிட, "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் உட்கார்ந்து, இன்னதை எடுப்பேன்" என்ற குறிப்பான சங்கல்பம் பலிக்கிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் காட்டினார். கிறிஸ்துமஸ் மாலையை எவ்வாறு கழித்தோம் என்று இரண்டு நாட்களுக்குள் எழுதி அனுப்பும்படி மாணாக்கரைக் கேட்டதில், இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டிக் குறித்தவர்களில் பெரும்பாலோர் அனுப்பினர். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர்.

தொடங்குவதன் அச்சத்தைக் குறைக்கும் இன்னொரு உபாயம், 1980-களின் கடைசியில் இத்தாலிய மாணவராயிருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ கண்டது. தக்காளி வடிவிலமைந்த சமையலறைக் கடிகாரம் ஒன்றை முடுக்கிவைத்து, அது மணியடிக்கும்வரை வேறெதையும் தொடாமல் படிப்பதென்று அவர் விரதம் பூண்டார். தக்காளிக்குரிய இத்தாலியச் சொல்லான 'பொமொடோரோ' என்பதே அம்முறைக்குப் பெயராயிற்று. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்பது அதன் அளவு. நம் முன்னோர் நாளை அறுபது கூறாக்கி வழங்கிய நாழிகை இருபத்து நான்கு நிமிடம் என்பதும், நீர் வழியும் கன்னலை நோக்கி நாழிகைக் கணக்கர் பாசறையில் வேந்தனுக்குப் பொழுதறிவித்த செய்தி முல்லைப்பாட்டில் வருவதும் இங்கே நினைவிற்கு வருகின்றன. இரண்டிற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஒரு நாழிகை படிப்பு என்று தமிழில் சொல்லிக்கொள்வதற்கு எவ்விதத் தடையும் இல்லை.

கருவிகள்

அவசரம் வேறு, முக்கியம் வேறு என்று பிரித்துக் காரியங்களை நான்கு கட்டத்தில் அடைக்கும் முறை அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரின் பெயரால் வழங்குகிறது. 1954-இல் ஒரு சபையில் பேசியபோது, முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவர் சொன்னதென்றே அவர் இப்பாகுபாட்டைக் குறிப்பிட்டார். கட்டங்களைப் பிரபலமாக்கியது 1989-இல் வெளிவந்த ஸ்டீபன் கவியின் நூல். மாணாக்கருக்கு இதனால் விளையும் பிரயோஜனம் அளவானதே. அவர்களுடைய காரியங்களுள் பெரும்பாலானவற்றிற்குத் தேதியைப் பிறர் குறித்துவிடுகிறார்கள்.

கருவிகளுள் எது உதவுகிறது என்பதற்கு, பிரிட்டன், டெஸ்ஸர் என்போரின் ஆராய்ச்சி தக்க சான்று. 1983-இல் 90 மாணாக்கரிடம் நேரத்தைக் கையாளும் பழக்கங்களை விசாரித்து, நான்காண்டுகள் கழித்து அவர்களுடைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டதில், அன்றாட, வாராந்தரத் திட்டமிடுதலும், தம் நேரம் தம் வசத்தில் உள்ளதென்ற மனப்பான்மையும், நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிலும் அதிகமாக வெற்றியை முன்னறிவித்தன. நீண்டகாலத் திட்டத்திற்கோ அத்தகைய தொடர்பு தென்படவில்லை. பருவத்தின் முதல் வாரத்தில் விடுதி அறைச் சுவரில் ஐந்து வர்ணங்களில் ஒட்டப்படும் அட்டவணை, இரண்டாம் மாதத்தில் யாரும் ஏறிட்டுப் பாராத அலங்காரமாகிவிடுவதும், பையிலுள்ள சிறு நோட்டில் எழுதிய நாளைய மூன்று வேலைகள் நடந்தேறிவிடுவதும் இதனோடு ஒத்துப்போகின்றன. கைபேசியின் நாட்காட்டி அந்த நோட்டின் வேலையைச் செய்யும். செய்துவிட்டு, அடுத்த நாழிகையைத் தானே விழுங்கியும்விடும்.

எல்லைகள்

எல்லோருக்கும் நாள் இருபத்து நான்கு மணிதானே என்ற வாதம், கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினும், மாணாக்கர் வாழ்வில் முழுவதும் செல்லுபடியாவதன்று. விடுதியில் தங்கியவருக்கும், கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவருக்கும், காலையில் பேப்பர் போட்டுவிட்டு வகுப்பிற்கு ஓடிவருபவருக்கும், வீடு திரும்பியதும் தண்ணீர் பிடித்துச் சமையலில் கைகொடுத்துத் தம்பி தங்கையரைப் படிக்கவைத்த பின்பே புத்தகத்தைத் தொட முடிகிற பெண்ணுக்கும், எஞ்சும் மணிகள் வேறு வேறு. எஞ்சிய மணிகளில் உடம்பில் மிஞ்சியிருக்கும் தெம்பும் வேறு வேறு. இவர்களுக்கு அட்டவணைக் கலையைப் போதிப்பதைவிட, அண்மையில் விடுதி இடமும், மாலையில் திறந்திருக்கும் நூலகமும் அளிப்பது பெரிய உதவி.

கல்லூரியின் பங்கும் சிறிதன்று. இன்டர்னல், அசைன்மென்ட், செமினார் ஆகியவற்றின் தேதிகளைத் துறைகள் தம்முள் கலந்து, பருவம் தொடங்கும்போதே அறிவித்துவிட்டால், மாணாக்கர் வகுக்கும் திட்டத்திற்கு நிற்க ஒரு தரை கிடைக்கும். நான்கு பாடங்களின் அசைன்மென்ட்டுகள் ஒரே வெள்ளிக்கிழமையில் குவிவதும், மறுநாள் காலைத் தேர்வை முந்தின இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் தெரிவிப்பதும் வழக்கமாயிருக்கும் இடத்தில், மாணாக்கரின் நோட்டில் நாளைய வேலைகளாக எழுதப்பட்டிருந்த மூன்று வரிகளும் அன்றிரவே அடிக்கப்பட்டுப் போகின்றன.