ஆய்வுப் பொருளும் ஆய்வு வினாவும்: பேர்மிங்காமிலிருந்து மீரியபெத்த வரை

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு முன்மொழிவினை எழுத முற்படும் தமிழ் மாணவர் பலர் முதலில் தேடுவது ஒரு தலைப்பையேயாம். தலைப்புக் கிடைத்ததும் இயல்களைப் பிரிப்பர். முன்னோர் நூல்களை நிரைப்படுத்துவர். இறுதியில் 'ஓர் ஆய்வு' என்னும் இரு சொற்களைச் சேர்த்துவிட்டால் முன்மொழிவு முற்றுப்பெற்றது என்று கருதுவர். நாமும் இதற்கு விலக்கல்லேம். ஊவா மாகாணத்தில், கொஸ்லந்தையை அடுத்துள்ள மீரியபெத்தவையும் அதன் அயற்றோட்டங்களையும் களமாகக் கொண்டு நாம் எழுதிய முதலாவது முன்மொழிவு, 'அழிந்துவரும் மலையக வாய்மொழிப் பாடல்கள்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பினையே பெற்றிருந்தது. எமது வழிகாட்டி அதனைத் திருப்பித் தந்தபொழுது அதன் ஓரத்தில் ஒரேயொரு வினா இருந்தது: இப்பாடல்கள் எவ்வகை உழைப்போடு பாடப்பட்டவை? எம்மிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவின் ஊற்றினைத் தேடிச் சென்றபோதே, அது ஈழத்துத் தமிழாய்வு வரலாற்றின் ஒரு முக்கிய கட்டத்தோடு தொடர்புடையது என்பதனை உணரலானோம்.

க. கைலாசபதி (1933–1982), கா. சிவத்தம்பி (1932–2011) ஆகிய இருவரும் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலேயே தமது கலாநிதிப் பட்ட ஆய்வுகளை மேற்கொண்டனர். தொம்சன் 1937 முதல் அங்கு கிரேக்கப் பேராசிரியராய் இருந்தவர், தமிழறிஞர் அல்லர். கிரேக்கம் கற்பித்தவர் சங்க இலக்கிய ஆய்வுக்கு வழிகாட்டியது விந்தையாகத் தோன்றலாம். ஆயின், தரவுகளைத் தேடிக் கொணர்வது மாணவனின் பணி. வழிகாட்டியிடமிருந்து அவன் பெறவேண்டியது வினா என்பதனை ஏற்றுக்கொள்வோமாயின் இதில் விந்தை எதுவும் இல்லை.

சங்கச் செய்யுட்களைப் பற்றி அதுகாறும் நிகழ்ந்த வாதங்களிற் பெரும்பாலானவை காலத்தையும் மன்னர் வரிசையையும் சுற்றியே நிகழ்ந்தன. கைலாசபதியோ அச்செய்யுட்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்று வினவினார். 1933க்கும் 1935க்கும் இடையில் மில்மன் பரி யூகோசிலாவியப் பாடகரிடையே திரட்டிய சான்றுகளும், ஹோமரின் காவியங்களும், அயர்லாந்து, வேல்சு நாட்டுப் பழம்பாடல்களும் அவருக்கு ஒப்பீட்டுக்குத் துணைநின்றன. அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. சிவத்தம்பி 1970இல் நிறைவு செய்து 1981இல் நூலாக்கிய ஆய்வு, பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் தோன்றிய சூழலை உற்பத்தி உறவுகளோடு இணைத்து நோக்கியது. எமது கருத்தில், மார்க்சிய முறையியல் என்ற வகையில் இரண்டாவதே கூடுதலான துணிவுடையது. முதலாவதில் ஒப்பியல் மேலோங்கி நிற்கின்றது. சங்கப் பாடல்கள் வாய்மொழி ஆக்கங்கள் அல்ல, வாய்மொழி மரபினைப் பின்பற்றிய புலவர் ஆக்கங்களே என்னும் ஜோர்ஜ் ஹார்ட்டின் மறுப்பும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எனினும் மறுப்பவரும் கைலாசபதி எழுப்பிய வினாவுக்குள் நின்றே மறுக்க வேண்டியவராயினர்.

தொம்சனுடைய வினாவுக்கும் ஓர் ஊர் உண்டு. 1923இல், இருபது வயதினராய், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்கு அவர் முதன்முதலாகச் சென்றார். அங்குள்ள மீனவரிடமும் உழவரிடமும் ஐரிஷ் மொழியைப் பயின்றார். ஒரு மாலையில் கிணற்றடியில் மூதாட்டி ஒருத்தியைக் கண்டதை அவர் பின்னர் எழுதியுள்ளார். அவளுடைய புதல்வர் யாவரும் அமெரிக்காவுக்குப் பெயர்ந்துவிட்டனர். தாயையும் வந்துவிடுமாறு அழைத்து ஒரு கடிதம் வந்திருந்தது. அதனைப் பற்றி அவள் பேசிய பேச்சு, முன்கூட்டி எண்ணாத பேச்சாயிருந்தும் கவிதையின் ஒழுங்கினைக் கொண்டிருந்தது. ஹோமரை நூலகத்தில் அன்றி இத்தகைய மக்கள் நடுவிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் அத்தீவிலேயே அவருக்கு உருவாயிற்று. 1953இல் அத்தீவில் எஞ்சியிருந்தோரும் வெளியேற்றப்பட்டனர்.

உழைப்பின் கூட்டிசைவிலிருந்தே பாடலின் சந்தம் பிறந்தது என்பது தொம்சன் வலியுறுத்திய கோட்பாடு. நாற்று நடுகைக்கும் ஏற்றமிறைப்புக்கும் இது நன்கு பொருந்தும். கொழுந்து பறித்தலுக்குப் பொருந்துமா? பெரட்டுக்களத்தில் பேர் பதிந்து மலையேறும் பெண்கள் நிரை பிடித்து நின்றாலும், கூடை ஆளுக்கொன்று, நிறுவையும் ஆளுக்கொன்று. குறித்த நிறை சேராதவளுக்கு அரைப்பேர். ஒருத்தியின் கைவிரைவு மற்றவளின் கைவிரைவோடு இசைய வேண்டிய தேவை இவ்வுழைப்பில் இல்லை. கூட்டமாக வேலை செய்யும் மக்களைத் தனித்தனியே அளந்து கூலி கொடுக்கும் முறையே பெருந்தோட்ட முறையாகும். ஆகவே மலையகப் பாடல்களை 'தொழிற்பாடல்' என்னும் தலைப்பின்கீழ் அடுக்கிவிட்டு அமைதி கொள்ள இயலாது. தாலாட்டும் ஒப்பாரியும், மாசி மாதத்துக் காமன் கூத்தும், கங்காணியையும் துரையையும் எள்ளும் பாடல்களும் உழைப்புக்கு வெளியே, உழைப்பினால் வரையறுக்கப்பட்ட நேரத்தில் வாழ்ந்தவை. வழிகாட்டியின் வினாவுக்கு நாம் கண்ட முதல் விடை இதுவே. கோட்பாட்டினை அப்படியே கொணர்ந்து பொருத்தியிருந்தால் இவ்வேறுபாடு எமது கண்ணிற் பட்டிராது.

பாடல்களின் காலத்தைத் துணிவதற்கும் இந்நோக்கு உதவிற்று. 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கிய நோய் அடுத்த இரு தசாப்தங்களில் அப்பயிரை வீழ்த்தித் தேயிலைக்கு இடமளித்தது. கடன் தொகையை எழுதிக் கங்காணியையும் அவன் ஆட்களையும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோப்பியையோ துண்டையோ குறிக்கும் பாடல் அக்காலத்தது என்று உடனே முடிவு செய்தல் தவறு. சொல் நிலைத்துப் பொருள் மாறுவது வாய்மொழி மரபின் இயல்பு. பதிவுப் புத்தகம் மாறியும் 'பேர்' என்ற சொல் இன்றும் நாட்கூலியைக் குறிக்கின்றதல்லவா?

இப்பாடல்களைத் திரட்டியோருள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான அவர், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராக்கப்பட்டதைக் கண்டவர். அவரது தொகுப்பான 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அதற்குள் பாடியோரிற் பலர் இந்நாட்டில் இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. ஆகவே ஊவாப் பாடல்களின் பாடபேதங்களைக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேடவேண்டியதாகின்றது. இதனைச் சேர்த்தபோது எமது முன்மொழிவின் செலவுப் பட்டியல் இரு மடங்காயிற்று என்பது வேறு கதை.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மீரியபெத்தவின் லயங்கள் மீது மலை சரிந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகளிற் சிலர் திரும்பிவந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டிருந்தன. லயக்காம்பரா தோட்டத்துக்குரியது, அதில் வாழும் உரிமை தோட்டத்தில் உழைப்பதோடு பிணைந்தது, காணி அவர்களுக்கு இல்லை. எச்சரிக்கையை அறிந்தவர் எங்கே பெயர்ந்து செல்வர் என்னும் வினாவை இப்பின்னணியில் வைத்தே எழுப்பவேண்டும்.

மண்ணுள் அமிழ்ந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவில்லை. ஒப்பாரியோ உடலைச் சூழ்ந்து பாடப்படுவது. பெண்கள் ஒருவரையொருவர் தழுவி, இறந்தவரை முன்னிலைப்படுத்தி அழைத்துப் பாடுவது அதன் அமைப்பு. முன்னிலையில் கிடத்துதற்கு உடல் இல்லாதவிடத்து அவ்வடிவம் என்னாகின்றது? எங்கே அமர்ந்து, எந்நாளில், யாரை விளித்துப் பாடுவது? ஒப்பாரியைச் சொல்லணிகளின் களஞ்சியமாகவே கண்ட எமது முதலாவது முன்மொழிவில் இவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. இரண்டாவதில் இது நான்காம் இயலாயிற்று. துயருற்றோரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்வது தகுமா என்பதை வழிகாட்டியுடன் நெடுநேரம் வாதித்தோம். அவர்களாக அழைத்தாலன்றிப் பதிவு செய்வதில்லை என்ற விதியை முறையியற் பகுதியிலேயே எழுதுமாறு அவர் பணித்தார். அதனால் தரவு குறையும் என்றோம். குறையட்டும், குறைந்ததற்கான காரணத்தையும் தரவாக எழுதுக என்றார்.

தலைப்பினை அவர் மாற்றவில்லை. 'அழிந்துவரும்' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் வெட்டி, அதன் மேலே, அழிப்பது எது என்று எழுதியிருந்தார்.