தளம் வாடகைக்கு! — மென்பொருள் உலகின் ஒரு சிறு வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, "பிளாட்ஃபார்ம் ஆஸ் எ சர்வீஸ்" பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். "என்னப்பா, ஆரம்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தைப் பத்தியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அது இல்லை. இது கண்ணுக்குத் தெரியாத பிளாட்ஃபார்ம். சுருக்கமாக "பாஸ்" என்பார்கள். நாமெல்லாம் அரியர் எழுதி வாங்கிய பாஸும் இல்லை! நம் மாணவத் தம்பி தங்கைகளின் பிழைப்போடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அதன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிப்காட் நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மனை எடுத்தால் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வாசல் வரை வந்து நிற்கும். ஆனால் கட்டடத்தை நாமேதான் கட்ட வேண்டும். அதற்கு முன்பே, 1958-இல், கிண்டியில் தொழிற்பேட்டை அமைத்தபோது இன்னொரு வழி வந்தது. சிறுதொழில் செய்பவருக்கு ஷெட்டையே கட்டிக் கொடுத்தார்கள். லேத்தைக் கொண்டுவந்து இறக்கி, லைன் கொடுத்து, வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

கம்ப்யூட்டர் உலகிலும் இதே கதைதான். ஒரு ரோலிங் மில்லுக்கு லாரி வரத்துப் பதிவேடு ஒன்றை மென்பொருளாக எழுதித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நம்பர், எடை ரசீது, சரக்கு, நேரம் — புரோகிராம் என்னவோ சின்னதுதான். ஆனால் அதை ஓட்ட சர்வர் வாங்கணும், ஏசி ரூம் வேணும், யூபிஎஸ் வேணும், ஆபரேட்டிங் சிஸ்டம் போடணும், டேட்டாபேஸ் நிறுவணும், தினம் பேக்கப் எடுக்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! இந்தச் சுமைகூலி வேலையை முழுக்க வேறொருவர் ஏற்றுக்கொண்டு, "நீ புரோகிராமை மட்டும் கொடு, ஓட்டுவது என் பொறுப்பு" என்று சொல்வதுதான் பாஸ். வெறும் சர்வரை வாடகைக்குத் தருவது சிப்காட் மனை மாதிரி. பாஸ் என்பது கட்டி முடித்த ஷெட்.

கம்ப்யூட்டர் வசதியைப் பலரும் பங்கிட்டுக்கொள்ளும் எண்ணம் பழையது. மின்சாரம், டெலிபோன் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று 1961-இலேயே அமெரிக்கப் பேராசிரியர் ஜான் மெக்கார்த்தி பேசினார். நம் நாட்டில் 1991-இல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா நிறுவனம் தொடங்கப்பட்டு, சிறு கம்பெனிகளுக்கும் செயற்கைக்கோள் இணைப்பு பொதுவில் கிடைத்தது. 2000-இல் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடமும் இணைப்பும் பொதுவாயின. சர்வர் மட்டும் அவரவர் பாடாகவே இருந்தது.

2006-இல் அமேசான் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. அதே காலத்தில் லண்டனில் ஃபோட்டாங்கோ என்ற நிறுவனம் "ஜிம்கி" என்ற தளத்தைத் தந்தது. பாஸ் வகையில் முதல்வரிசையில் வைத்துச் சொல்லப்படுவது அது. 2007-இல் ஹெரோக்கு தொடங்கியது. புரோகிராம் எழுதியவர் ஒரே கட்டளையில் அதை அனுப்பிவிடலாம். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். 2008 ஏப்ரலில் கூகுள் ஆப் எஞ்சின் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தன் அஸூரை அறிவித்தது.

இந்த வரிசையில் நம்மூர்ப் பெயரும் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 2006-லேயே "ஜோஹோ கிரியேட்டர்" கொண்டுவந்தது. ஃபாரம் வரைந்து, சில வரி எழுதினாலே அலுவலகத்துக்கு வேண்டிய சிறு மென்பொருள் தயார். கூகுளுக்கு முன்பே! பின்னர் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலும் அலுவலகம் வைத்து, பட்டணத்துக்கு வராமலும் மென்பொருள் செய்யலாம் என்று காட்டியது.

இவ்வளவும் நல்ல சேதி. முதல் இல்லாத மாணவன், ஆரம்பாக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உலகத்துக்கே மென்பொருள் தரலாம். ஆனால் வாடகை ஷெட் வாடகை ஷெட்தான். சாவி இன்னொருவர் கையில்.

ஜிம்கியை 2007 கடைசியில் மூடிவிட்டார்கள். கூகுள் ஆப் எஞ்சின் 2011-இல் கட்டண முறையை மாற்றியபோது, பலருக்குச் செலவு பலமடங்கு ஏறியது. அதைவிட்டு வெளியே வரலாம் என்றாலோ, புரோகிராமே கூகுளின் டேட்டாபேசுக்கு ஏற்றபடி எழுதப்பட்டிருந்தது. லேத்தை ஷெட்டின் தரையோடு சேர்த்துக் கான்கிரீட் போட்ட மாதிரி! ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியது. அதை நம்பிப் புராஜெக்ட் வைத்திருந்த மாணவர்கள் உலகமெங்கும் வேறு இடம் தேடினார்கள்.

இதற்கு மருந்தும் ஒரு பாஸ் கம்பெனியிலிருந்தே வந்தது. நம் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கிறோமே, 1956-இல் மால்கம் மெக்லீன் என்பவர் கப்பலில் ஏற்றிக் காட்டிய யோசனை அது. பெட்டிக்கு ஒரே அளவு இருந்தால் லாரி, ரயில், கப்பல் எதிலும் ஏறும். டாட்கிளவுட் என்ற பாஸ் நிறுவனம் அதே யோசனையை மென்பொருளுக்குக் கொண்டுவந்து, புரோகிராமையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒரே பெட்டியில் கட்டும் "டாக்கர்" என்ற கருவியை 2013-இல் எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. கருவி பிரபலமாகி, கம்பெனியின் பெயரே டாக்கர் என்று மாறிப்போனது. இன்று டாக்கர் பெட்டியை ஏற்றுக்கொள்ளும் தளங்கள் பல. ஆனால் தளத்துக்கே உரிய டேட்டாபேசை நம்பி எழுதினால் பெட்டி மட்டும் காப்பாற்றாது.

"எல்லாத்தையும் தளமே பார்த்துக்கிட்டா பசங்க அடிப்படையைக் கத்துக்க மாட்டாங்களே" என்று நம் செட்டுக்காரர்கள் சிலர் குறைப்படுவதுண்டு. அதில் பாதி நியாயம். கரண்ட் எப்படி வருகிறது என்று தெரிந்த ஃபிட்டருக்கும், சுவிட்சை மட்டும் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம், மோட்டார் நின்ற அன்றைக்குத்தான் தெரியும். அதற்காகக் கரண்டே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே!

எனவே இன்றைய மாணவர்களுக்கு மூன்று வார்த்தை. தளத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒருமுறையாவது ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, டேட்டாபேஸ் நிறுவி, உங்கள் புரோகிராமை நீங்களே ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது, எந்தத் தளத்தில் சேர்வதானாலும், சேரும் அன்றைக்கே "நாளைக்குக் காலி பண்ணணும்னா என் டேட்டாவை எப்படி எடுத்துக்கிட்டுப் போறது?" என்று கேட்டு, பதிலைச் செய்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஷெட் யாருடையதாகவும் இருக்கட்டும். தொழில் உங்களுடையதாக இருக்க வேண்டும். வாழ்க, வளர்க!