பெருங்குடல் அவசர அறுவை

பெருங்குடல் அடைத்துக்கொண்டாலோ, அதில் ஓட்டை விழுந்தாலோ தாமதமின்றிச் செய்ய வேண்டிய வயிற்று அறுவை. புற்றுக்கட்டி, குடல் முறுக்கு, குடல் சுவரில் பிதுங்கும் சிறு பைகளின் அழற்சி ஆகியவை முக்கியக் காரணங்கள். வயிறு ஊதி, மலமும் காற்றும் நின்றுபோனால் அடைப்பு. திடீர் வலியோடு வயிறு பலகையாக இறுகினால் ஓட்டை என்று சந்தேகிப்பார்கள். கத்தி வைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் நோயே விடை சொல்லிவிடும். ஒரே தடவையில் எவ்வளவு செய்வது என்பதில்தான் மருத்துவர்கள் முந்நூறு ஆண்டுகளாக மாறி மாறி முடிவெடுத்திருக்கிறார்கள்.

இந்திய மரபில் சுசுருத சம்ஹிதை இதைப் பேசுகிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் கீறி, குடலை வெளியே எடுத்து, அடைத்த பொருளை நீக்க வேண்டும். துளைபட்ட குடலாக இருந்தால் விளிம்புகளைச் சேர்த்துக் கருப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டு, தலையை மட்டும் விட்டு உடலைக் கிள்ளிவிட வேண்டும். கையால் செய்து பார்த்தவர் எழுதியதுபோல் இருக்கிறது. பிழைத்தவர் கணக்கு மட்டும் அதில் இல்லை.

ஐரோப்பாவில் 1710இல் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சி லித்ரே, ஆசனவாய் இல்லாமல் பிறந்து இறந்த குழந்தையை ஆராய்ந்துவிட்டு, குடலை வயிற்றுச் சுவருக்குக் கொண்டுவந்து திறக்கலாமே என்று யோசனை சொன்னார். 1776இல் பிரான்சின் ரூவான் நகரில் பிலோர் என்ற மருத்துவர் அதைச் செய்தார். நோயாளி ஒரு வணிகர். அடைப்பை எடையால் தள்ளிவிடலாம் என்று அவருக்கு ஏற்கெனவே சுமார் இரண்டு பவுண்டு பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். திறந்த குடல் நன்றாகவே வேலை செய்தது. 28 நாள் கழித்து அவர் இறந்தபோது, பாதரசம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. 1793இல் துய்ரே என்ற மருத்துவர், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்கு இடது அடிவயிற்றில் குடலைத் திறந்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. வயிற்றின் உள்சவ்வைத் தொடவே பயந்த காலம் அது. அதனால் 1839இல் அமுசா என்ற மருத்துவர் முதுகுப்புறம் வழியாகக் குடலை அடைந்தார். 1846இல் ஈதர் மயக்கமும் 1867இல் லிஸ்டரின் கிருமிநாசினி முறையும் வந்த பிறகே வயிற்றின் முன்புறம் வழியாக அறுக்கத் துணிவு வந்தது.

பிறகு பல காலம் மூன்று தவணை முறை நடந்தது: முதலில் வயிற்றில் ஒரு வாய் திறந்து மலத்தை வெளியே திருப்புவது, அடுத்து நோயுற்ற துண்டை வெட்டுவது, கடைசியில் வாயை மூடுவது. ஓட்டை விழுந்த குடலை முதல் தவணையில் உள்ளேயே விட்டுவைப்பது இதன் பெரிய குறை. 1921இல் பாரிஸ் மருத்துவர் ஆன்றி ஆர்ட்மன் வேறு வழி காட்டினார். துண்டை வெட்டி எடு, கீழ்முனையைத் தைத்து மூடு, மேல்முனையை வயிற்றில் வாயாக வை. அவர் புற்றுக்காகச் சொன்ன இது, அவசர அறுவையின் வழக்கமான வழியாகிவிட்டது. வாயில் மலம் சேரும் பையை ஒட்டுவதால், நம் வார்டுகளில் இதைப் ‘பை வைப்பது’ என்பார்கள். பிறகு குடலைச் சேர்த்து மூடலாம் என்றாலும், மூடாமலே இருந்துவிடுவோர் ஏராளம்.

இதனால் ஒரே தடவையில் வெட்டி இணைக்கும் முறை தலைதூக்கியது. பெல்ஜியம், இத்தாலி, நெதர்லாந்து மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், குடல் சுவர்ச் சிறு பைகளின் அழற்சியால் ஓட்டை விழுந்த நோயாளிகளில், குடலை இணைக்கப்பட்டவர்களில் 94.6 சதவீதத்தினர் ஓராண்டில் பையில்லாமல் உயிரோடிருந்தனர். ஆர்ட்மன் முறையில் 71.7 சதவீதம். ஆனால் அவர்கள் ரத்த அழுத்தம் நிலையாக இருந்தவர்கள். அதிர்ச்சி நிலையில் வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்தியாவில் பெருங்குடல் அடைப்புக்கான காரணங்களில் குடல் முறுக்குக்குத் தனி இடம் உண்டு. எக்ஸ்ரேயில் ஊதிய குடல் காபிக்கொட்டை வடிவில் தெரியும். குடல் அழுகாமல் இருந்தால், ஆசனவாய் வழியே குழாய் விட்டு முறுக்கை அவிழ்க்கலாம். அது திரும்ப வருவதால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே அந்த வளைவை வெட்டி எடுப்பது நல்லது. குடல் கருத்துப்போயிருந்தால் அவிழ்க்கவே கூடாது, நேரே அறுவைதான். கீழே அடைத்திருக்கும்போது பெருங்குடலின் தொடக்கப் பகுதி 12 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்தால், வெடிக்கும் அபாயம் அதிகம்.

தமிழகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் அறுவைக்கென ந. ரங்கபாஷ்யம் தனித்துறையை உருவாக்கினார். மாவட்டங்களுக்கு வசதி மெதுவாகத்தான் வந்தது. சேலத்தில் 1986இலும் தருமபுரியில் 2008இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு 2022இல்தான் கிடைத்தது. அந்த மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில் நள்ளிரவில் ஒருவருக்குக் குடல் வெடித்தால், எந்த அறுவை என்பதை நூல் மட்டும் தீர்மானிக்காது. போய்ச் சேரும் நேரம், அங்கே மயக்க மருத்துவர், ரத்தம், தீவிர சிகிச்சைப் படுக்கை இருக்கின்றனவா என்பதும் தீர்மானிக்கும். முதலில் பார்க்கும் மருத்துவமனை செய்ய வேண்டியவை டிரிப், ஆன்டிபயாட்டிக், மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், 2008 முதல் ஓடும் 108 ஆம்புலன்ஸில் அனுப்பிவைப்பது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே படுக்கவைப்பதுதான் மோசமான தேர்வு.

நேரமிருந்தால் அறுவைக்கு முன்பே பைக்கான இடத்தைக் குறித்துவிடுவார்கள். நோயாளியை உட்காரவைத்து, வயிறு மடியும் கோட்டையும் வேட்டியோ பாவாடை நாடாவோ இறுகும் இடத்தையும் தவிர்த்துப் புள்ளி வைப்பார்கள். அந்த இடம் தப்பினால் பை ஒட்டாது, கசியும். வயலிலோ ஓசூர் ஆலையிலோ அவர் வேலைக்குத் திரும்புவது கடினம்.