சுங்கமில்லாத் துறைமுகமும் சிராங்கூன் சாலை விலைப்பட்டியலும்



முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றொரு பட்டம் உண்டு. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்திலோ நிலைமை வேறு. அங்கே சுங்க அலுவலர் பொதிகளின் மீது புலி முத்திரை பொறித்து வரி கொள்கின்றனர். துறைமுகத்து வரிக்கு 'உல்கு' என்ற பழஞ்சொல்லும் நம்மிடம் இருக்கிறது. வரியைக் கொள்வதும் தவிர்ப்பதும் தமிழருக்குப் புதியவை அல்ல. நாம் வாழும் சிங்கப்பூரோ சுங்கம் தவிர்த்தல் என்ற ஒரே கொள்கையின் மீது எழுந்த நகரம். ஆயினும் தேக்காக் கடைகளின் விலையைத் தீர்மானித்ததில் சுங்க வரிக்குப் பெரும் பங்குண்டு. அந்த வரி நம் அரசு விதித்தது அன்று. பிற நாடுகள் விதித்தது.

1819இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் இங்கே வணிக நிலையம் அமைத்தபோது, இவ்வட்டார வணிகத்தில் டச்சுக்காரரின் பிடி வலுவாக இருந்தது. அவர்தம் துறைமுகங்களில் வரியும் கட்டுப்பாடும் மிகுதி. "இங்கே இறக்குமதி வரி இல்லை" என்ற அறிவிப்பே புதிய துறைமுகத்திற்குக் கப்பல்களை இழுத்தது. அதே ஆண்டு பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை அமைத்தார். பின்னர்ப் பருத்தித் துணிக்கடை வைத்தார். பிரிட்டிஷ் வணிகரிடம் கடனுக்குச் சரக்கெடுத்து விற்ற கடை அது. 1822இல் தீ விபத்தில் கடை எரிந்தது, கடன் எஞ்சியது. சிறுவணிகர் என்றவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தாம். வரி இல்லாத ஊரிலும் முதல் இல்லாதவன் நிலை அதுதான். பின்னர் மீண்டெழுந்து, 1827இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழக் காரணமாக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வரி வாங்காத அரசு எதைக் கொண்டு நடந்தது? நம் பாடநூல்கள் விரைந்து கடக்கும் இடம் இது. அபின், சாராயம் முதலியவற்றை விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. அதைப் புகைத்தவர்களுள் மிகப் பலர் ரிக்‌ஷா இழுத்தவரும் மூட்டை சுமந்தவருமான கூலித் தொழிலாளர். பெருவணிகரின் துணிப்பொதி வரியின்றி இறங்குவதற்கான விலையை அந்த ஏழைகளின் குழல் செலுத்தியது. சுதந்திரத் துறைமுகத்தைப் புகழ்வோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே புகழ வேண்டும் என்பது என் கருத்து.

1960களில் இங்கும் சிறிது காலம் காற்று திசை மாறியது. 1963இல் மலேசியாவுடன் இணைந்தபோது பொதுச்சந்தை ஒன்றை எதிர்பார்த்தோம். அது முழுமையாகக் கைகூடவில்லை. 1965இல் பிரிவு வந்தது. உள்ளூர்த் தொழில்களைக் காக்கச் சில பொருள்களுக்கு வரியும் அளவுக் கட்டுப்பாடும் விதித்தனர். ஏற்றுமதித் தொழில்கள் வளர்ந்தபின் அவை படிப்படியாக நீங்கின. இன்று இறக்குமதித் தீர்வை என்று எஞ்சியிருப்பது பீர் போன்ற சில மதுவகைகளுக்கு மட்டுமே. மற்ற மதுவகைகள், புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றிற்குக் கலால் வரி உண்டு.

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். 1991க்கு முன் இந்தியாவின் உச்சச் சுங்க வரி 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. நுகர்பொருள்கள் பலவற்றை இறக்குமதி செய்யவே தடை. ஆகவே வானொலி, கேசட் கருவி, கைக்கடிகாரம் ஆகியவை பயணிகளின் பெட்டிகளில் சென்றன. ஊருக்குப் புறப்படுபவர் டூ-இன்-ஒன் வாங்காமல் விமானம் ஏறினால் உறவினர் முகம் வாடும்! மீனம்பாக்கத்துச் சுங்க அதிகாரியிடம் கைபிசைந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தேவையால் தழைத்த கடைகள் எத்தனையோ. 1971இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபாவும் விரைவில் மின்கருவிகளை விற்கத் தலைப்பட்டது.

1991இல் இந்தியா உச்ச வரியை 150 விழுக்காடாகக் குறைத்தது. பின்னர் மேலும் குறைத்தது; 2001 ஏப்ரலில் எஞ்சிய அளவுக் கட்டுப்பாடுகளையும் நீக்கியது. சிங்கப்பூரில் ஒரு சட்டமும் மாறவில்லை. இருந்தும் சென்னையிலேயே கிடைக்கும் கருவியை இங்கிருந்து சுமந்து செல்ல வேண்டிய தேவை தேய்ந்தது. தங்கத்தின் கதையும் அதுவே. இந்தியா தங்க இறக்குமதி வரியை 2013இல் 10 விழுக்காட்டிற்கும், 2022 ஜூலையில் 15 விழுக்காட்டிற்கும் உயர்த்தியபோது இங்குள்ள நகைக்கடைகளின் விலை கவர்ச்சியாகத் தெரிந்தது. 2024 ஜூலையில் அது 6 விழுக்காடாக இறங்கியவுடன் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

வாங்குவோர் பக்கம் பார்ப்போம். 2022இல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை விதித்தது. இட்டிலிக்கு ஊறப்போடுவது புழுங்கல் அரிசியல்லவா! கணக்கு எளிது. 100 வெள்ளி மதிப்புள்ள அரிசி தீர்வையுடன் 120 வெள்ளியாகிறது. கப்பற்கூலியை விட்டுவிட்டாலும், அப்போதைய 8 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி அந்த 120இன் மீது விழுகிறது. ஆக 108 வெள்ளிக்கு வந்திருக்க வேண்டியது 129 வெள்ளி 60 காசு. வரியின் மேல் வரி. பெருங்கடைகள் தாம் செலுத்திய பொருள் சேவை வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாததால் பதிவு செய்யாத சிறுகடைக்காரருக்கு அந்த வழியில்லை. அவர் விலையை ஏற்ற வேண்டும். அல்லது தம் இலாபத்தை இழக்க வேண்டும். பல்லாண்டு வாடிக்கையாளரிடம் விலையேற்றத்தைச் சொல்வது எளிதன்று.

சிங்கப்பூரின் வேண்டுகோளை ஏற்று 50,000 டன் அரிசிக்கு இந்தியா சிறப்பு அனுமதி அளித்தது. வெள்ளை அரிசித் தடையும் புழுங்கல் அரிசித் தீர்வையும் 2024 அக்டோபருக்குள் நீங்கின.

வெங்காயம் இன்னும் நீண்ட நாள் அழவைத்தது. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை. டிசம்பரில் முழுத் தடை. இடையில் செப்டம்பரில், பெங்களூரைச் சுற்றி விளையும் ரோஸ் வெங்காயத்திற்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளை நம்பிப் பயிரிடப்படும் வெங்காயம் அது. அங்கே உள்ளூரில் விரும்புவோர் குறைவு. 2024 மே மாதம் தடை விலகித் தீர்வை தொடர்ந்தது. செப்டம்பரில் அது 20 விழுக்காடாயிற்று. 2025 ஏப்ரல் 1 அன்று முற்றிலும் நீக்கப்பட்டது. புதிய விளைச்சல் வந்து மகாராஷ்டிரச் சந்தைகளில் விலை தாழ்ந்ததே அதற்குக் காரணம். தேக்காவில் சாம்பார் வைப்பவர்களின் முறையீடு அன்று.