ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஏ பிறக்குமா? இரத்த வகையின் வரலாறு



தலைமுறையுரிமைப் பாடம் நடக்கும் நாட்களில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் உம்மா, வாப்பாவின் இரத்த வகையைக் கேட்பார்கள். சில வீடுகளில் அப்போதுதான் ஒரு பேச்சுக் கிளம்பும். "வாப்பா ஏ, உம்மா பி. பிள்ளை மட்டும் எப்படி ஓ?" ஊர் வாய்க்கு இவ்வளவு போதும். ஒரு பெண்ணின் மானம் சந்திக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த அறிவு வந்த வழியைக் கொஞ்சம் எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் முழுக்க வாசியுங்கள்.

1901 இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டெய்னர் மனித இரத்தம் எல்லோருக்கும் ஒன்றல்ல, வகை வகையானது என்று காட்டினார். அது பெற்றோரிடமிருந்து வருகிறது என்பதை 1910 இல் ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் டுங்கேர்ன், ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற இருவர் குடும்பம் குடும்பமாக இரத்தம் சோதித்து நிறுவினார்கள். எப்படி வருகிறது என்ற கணக்கை 1924 இல் போட்டவர் பேர்ண்ஸ்டைன் என்ற கணித அறிஞர்.

கணக்கு இலேசானது. ஒவ்வொருவரிடமும் இரண்டு பரம்பரையலகுகள்; ஒன்று உம்மா தந்தது, மற்றது வாப்பா தந்தது. ஏ-யும் பி-யும் ஆட்சியானவை. ஓ பின்னிடைவானது, மற்றதோடு சேர்ந்தால் வெளியே தெரியாது. ஏ வாப்பாவிடமும் பி உம்மாவிடமும் ஓ மறைந்திருந்தால் அவர்களுக்கு ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு வகையிலும் பிள்ளை பிறக்கலாம். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"சரி சேர், ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஓ தானே பிறக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். பாடப்புத்தக விதி அப்படித்தான். ஆனால் 1952 இல் பம்பாயில் வைத்தியர் பெண்டேயும் அவரது குழுவினரும், ஓ போலத் தெரிந்தும் சாதாரண ஓ இரத்தம் சேராத சிலரைக் கண்டார்கள். ஏ, பி இரண்டுக்கும் அத்திவாரமான எச் என்ற பொருள் அவர்களிடம் இல்லை. அத்திவாரம் இல்லாவிட்டால், உள்ளே ஏ பரம்பரையலகு இருந்தாலும் சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் பிள்ளைக்கு அந்த ஏ போய்ச் சேரும்! இதுதான் பம்பாய் வகை. 1955 இல் அமெரிக்காவில் லெவின் குழுவினர், ஓ என்று காட்டிய ஒரு தாய் தன் மகளுக்கு பி-யைக் கொடுத்திருந்ததை எழுதினார்கள்.

இது மிக அரிது. ஆனால் உம்மா, வாப்பா இரு பக்கமும் ஒரே குறை மறைந்து வந்தால்தான் வெளிப்படும் என்பதால், சொந்தத்துக்குள் முடிக்கும் குடும்பங்களில் வாய்ப்புக் கொஞ்சம் கூட. 1990 இல் இடம்பெயர்ந்து புத்தளத்தில் தங்கிவிட்ட சொந்தமும் எருக்கலம்பிட்டி, தாராபுரத்துச் சொந்தமும் இன்றும் மாமி மகன், மாமா மகள் என்று முடிப்பவர்கள்தானே நாம்.

தன் மனைவி கறுப்பு நிறத்தில் பிள்ளை பெற்றாள் என்று சந்தேகத்தோடு வந்த கிராமத்து மனிதரிடம் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. செந்நிற ஒட்டகங்களுக்குள் சாம்பல் நிறம் பிறப்பது முன்னைய வம்சத்தால் என்றால், உன் மகனுக்கும் அப்படி இருக்கலாமே என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?

இரத்த வகையில் நாம் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. 1939 இல் நியூயோர்க்கில் பிள்ளை இறந்து பிறந்த ஒரு தாய்க்குக் கணவரின் இரத்தம் ஏற்றினார்கள். இருவரும் ஓ தான், ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை. வாப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தாயின் உடல் எதிர்க்கிறது என்று லெவினும் ஸ்டெட்சனும் விளக்கினார்கள். 1940 இல் லான்ட்ஸ்டெய்னரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தார்கள்.

உம்மா நெகட்டிவ், வாப்பா பொசிட்டிவ் என்றால் பிள்ளை பொசிட்டிவாக வரலாம். முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரசவத்தில் பிள்ளையின் இரத்தம் தாயில் கலந்து, அவர் உடலில் எதிர்ப்பு உண்டாகும். அடிபடுவது அடுத்த பிள்ளை. ஒரு காலத்தில் பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன பெண்ணை "ராசியில்லாதவள்" என்றார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ, அல்லாஹ்வே அறிவான்.

1968 முதல் இதற்கு அன்டி-டி ஊசி இருக்கிறது. பொசிட்டிவ் பிள்ளை பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கரு கலைந்தாலும் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

ஆகவே சகோதரர்களே, இன்றிரவு மனைவியின் கிளினிக் கார்டை எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் என்றிருந்தால் மிட்வைஃபிடம் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். தாய் வீட்டுக்கு அனுப்பும்போது கார்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.