லோஸ் க்ரூடோஸ்: தம் மக்களுக்கு ஸ்பானியம், வசைபாடியவருக்கு ஆங்கிலம்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், பில்சன் என்னும் மெக்சிகத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து 1991ஆம் ஆண்டு எழுந்து 1998இல் கலைந்த ஹார்ட்கோர் பங்க் இசைக்குழு லோஸ் க்ரூடோஸ். ஏழே ஆண்டுகள். தனி முழுநீள இசைத்தட்டு ஒன்றே, 1996இல் வந்தது. ஏனையவை ஏழங்குலச் சிறு தட்டுகளும் பிற குழுக்களோடு பகிர்ந்துகொண்ட தட்டுகளுமே. பாடல்களில் பல ஒரு நிமிடத்தைத் தொடுவதற்குள் முடிந்துவிடும். ஆயினும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள் பங்க் இசையைத் தமக்குரியதாக்கிக்கொண்ட வரலாற்றை இக்குழுவை விலக்கிவிட்டு எழுத இயலாது. யாரிடம் எம்மொழியில் பேசுவது என்பதில் அவர்கள் காட்டிய தெளிவே இங்கு நம் அக்கறைக்கு உரியது.

ஹார்ட்கோர் என்பது 1980ஐ ஒட்டி அமெரிக்க நகரங்களில் உருவான, பங்க் இசையின் இன்னும் வேகமான, இன்னும் கடுமையான வடிவம். பெருநிறுவனங்களை நாடாமல் தாமே பதிவுசெய்து, தாமே தட்டு வெளியிட்டு, வீட்டு நிலவறைகளிலும் வாடகைக் கூடங்களிலும் வாசிப்பது அதன் நடைமுறை. இதனை வெள்ளையினப் புறநகர் இளைஞர்களின் இசை என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அது பாதி உண்மைதான். இவ்வடிவத்தின் வேகத்தை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர்கள் வாஷிங்டனின் கறுப்பின இளைஞர்களான பேட் ப்ரெய்ன்ஸ் குழுவினர். லாஸ் ஏஞ்சல்ஸில் தி பேக்ஸ், தி ப்ளக்ஸ், தி ப்ராட் போன்ற குழுக்களில் மெக்சிக வம்சாவளியினர் அதற்கும் முன்பே முன்வரிசையில் நின்றனர். பங்கேற்றவர்கள் இருந்தார்கள், வரலாறு எழுதப்பட்டபோது அவர்களின் பெயர்கள் ஓரத்துக்குப் போயின. இந்த வழக்கம் நமக்குப் புதிதன்று.

குழுவின் பாடகர் மார்ட்டின் சொரொண்டேகி உருகுவேயின் மொந்தெவிதேயோ நகரில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். கிதார் வாசித்தவர் ஹோசே காசாஸ். க்ரூடோஸ் என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் சமைக்கப்படாதவர்கள், பச்சையானவர்கள் என்று பொருள் கொள்ளலாம். சொரொண்டேகி நடத்திய வெளியீட்டகத்தின் பெயர் லெங்குவா அர்மாடா. லெங்குவா என்பது நாவையும் குறிக்கும், மொழியையும் குறிக்கும். ஆக, ஆயுதமேந்திய நாவு அல்லது ஆயுதமேந்திய மொழி. இரண்டும் இவர்களுக்குப் பொருந்தும்.

ஒரேயொரு பாடலைத் தவிர அவர்கள் பாடியவை அனைத்தும் ஸ்பானிய மொழியில். அமெரிக்க ஹார்ட்கோர் மேடையில் ஆங்கிலமே எழுதப்படாத விதியாக இருந்த காலம் அது. காவல்துறை வன்முறை, குடியேறிகளின் உழைப்புச் சுரண்டல், இலத்தீன் அமெரிக்க ராணுவ ஆட்சிகளின் கீழ் காணாமல் ஆக்கப்பட்டோர் ஆகியவையே பாடுபொருள்கள். பில்சனில் வாசிக்கும்போது கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை. வெள்ளையினக் கூட்டத்தின் முன் வாசிக்கும்போது, பாடல்களுக்கு இடையே சொரொண்டேகி நின்று, அடுத்த பாடல் எதைப் பற்றியது என்று ஆங்கிலத்தில் விரித்துரைப்பார். பாடலைவிட விளக்கம் நீண்டதாக இருந்த தருணங்கள் உண்டு. மொழிபெயர்க்கும் சுமையைத் தம் மக்கள்மீது ஏற்றாமல், பாடலின் மொழியையும் விட்டுக்கொடுக்காமல் கண்டடைந்த வழி இது.

காலத்தையும் கருத வேண்டும். 1994ஆம் ஆண்டின் முதல் நாளில் வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சபாட்டிஸ்டா பழங்குடி உழவர்கள் ஆயுதமேந்தினர். சரக்குக்குத் திறந்த எல்லை மனிதருக்கு இறுகியது. அவ்வாண்டு நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்களில் சுமார் 59 விழுக்காட்டினர் ‘முன்மொழிவு 187’ஐ நிறைவேற்றினர். ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பொதுப்பள்ளியையும் அவசரமல்லாத மருத்துவத்தையும் மறுப்பது, ஐயத்துக்குரியவர்களைப் பற்றி ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். ஆவணமற்ற குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே, பிளைலர் எதிர் டோ வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. கூட்டாட்சி நீதிமன்றம் இச்சட்டத்தின் பெரும்பகுதியை முடக்கியது. 1999இல் அது முற்றாகக் கைவிடப்பட்டது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்பானியம் பேசும் எந்தக் குடும்பமும் ஐயத்துக்குரிய குடும்பமாயிற்று. லோஸ் க்ரூடோஸ் எல்லையைப் பற்றிக் கத்திப் பாடியது இந்தச் சூழலில்தான்.

இனி அந்த ஒற்றை ஆங்கிலப் பாடல். ‘ஸ்பிக்’ என்பது அமெரிக்காவில் ஸ்பானியம் பேசுவோர்மீது எறியப்படும் இழிசொல். அதனை இங்கே ஒருமுறை மட்டுமே எழுதுகிறோம். ஆங்கிலம் பேசத் தெரியாதவரின் உச்சரிப்பைக் கேலி செய்வதிலிருந்து அது பிறந்தது என்று பலரும் விளக்குவர். பங்க் வட்டாரத்திலேயே இக்குழுவை அச்சொல்லால் குறிப்பிட்டார்கள். சமத்துவம் பேசிய வட்டாரம் அது என்பதை மறந்துவிடலாகாது. ஆம், அந்தக் குழுதான் நாங்கள் என்று அறைவதுபோல் தலைப்பிட்டு, அதற்கு விடையாக ஒரு பாடல் செய்தார்கள். அதை ஆங்கிலத்தில் செய்தார்கள். ஏசியவருக்குப் புரிய வேண்டுமல்லவா!

சட்டம் பயின்றவர்களாகிய நம்மை நிறுத்தி வைப்பது இந்த இடம்தான். நம் நாட்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. அது சொல்லைத் தடை செய்யவில்லை. சொன்னவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சாராதவரா, யாரை நோக்கிச் சொன்னார், பொதுமக்கள் பார்வையில் சொன்னாரா என்று கேட்கிறது. அமெரிக்க வணிகச்சின்ன அலுவலகத்தின் வழி வேறு. ஆசிய வம்சாவளியினரின் ராக் குழுவான தி ஸ்லான்ட்ஸ், தம் மக்கள்மீது எறியப்பட்ட இழிசொல்லைத் தாமே பெயராகச் சூடிப் பதிவு கேட்டபோது, இழிவானது என்று மறுத்தது. 2017இல் மேட்டல் எதிர் டாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. ஆனால் அத்தீர்ப்பு யார் சொல்வது என்று பார்க்கவில்லை. இழிவுபடுத்தும் சின்னங்களுக்கான தடையே பேச்சுரிமைக்கு எதிரானது என்றது. தொல்குடி அமெரிக்கர்களை இழிவுசெய்யும் பெயர் கொண்ட வாஷிங்டன் கால்பந்து அணியின் சின்னமும் அதே தீர்ப்பால் தப்பித்தது. மக்கள் எதிர்ப்பும் விளம்பரதாரர் அழுத்தமும் சேர்ந்த பிறகே, 2020இல் அந்த அணி பெயரைக் கைவிட்டது. சூடிக்கொண்டவரையும் எறிந்தவரையும் ஒரே தட்டில் வைத்த தீர்ப்பு அது. லோஸ் க்ரூடோஸ் எந்த நீதிமன்றப் படியும் ஏறவில்லை. ஆனால் பேசுபவர் யார், கேட்பவர் யார் என்ற வேறுபாட்டை அந்தச் சிறு பாடல் தெளிவாகவே பிடித்து வைத்திருக்கிறது.

1998க்குப் பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சொரொண்டேகி அமெரிக்க இலத்தீன் பங்க் வரலாற்றை 1999இல் ஆவணப்படமாக்கினார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, லிம்ப் ரிஸ்ட் என்னும் குழுவைத் தொடங்கி, ஹார்ட்கோரின் ஆண்மைத் திமிரை அதன் மேடையிலேயே எதிர்கொண்டார். ஓர் ஒடுக்குமுறையை எதிர்ப்பவர் இன்னொன்றில் மௌனம் காப்பது இயக்கங்களில் வாடிக்கையாகிப்போன நிலையில், இதனை அவரது இசைக்கு நிகரான பங்களிப்பாகவே கருதுகிறோம். லோஸ் க்ரூடோஸ் பின்னாளில் மீண்டும் கூடி வாசித்ததும் உண்டு.

இன்னொரு செய்தி, பெண்கள் மட்டுமே கொண்ட ஸ்பிட்பாய் குழுவைப் பற்றியது. 1995இல் இரு குழுக்களும் ஒரு தட்டைப் பகிர்ந்துகொண்டன. அதற்கு ஸ்பானியத்திலும் பெயரிட்டார்கள். வெள்ளையினப் பெண்ணியப் பங்க் வட்டாரத்திலிருந்து எதிர்ப்பு வந்தது: பிறர் பண்பாட்டைக் களவாடி ஸ்பானியச் சொற்களைச் சூட்டிவிட்டதாம் ஸ்பிட்பாய். அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிஷேல் க்ரூஸ் கொன்சாலெஸ் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்தவர். தம்மோடு நின்ற தோழியரின் கண்ணுக்கும் தாம் யாரென்று தெரியாமல் போனதை அவர் 2016இல் வெளிவந்த தம் நினைவுநூலில்தான் விரிவாக எழுதினார்.