கைத்தொழில் அறிவும் படமும்

கைவினைஞனின் அறிவு ஏட்டிலிருப்பது சிறிதே. அவன் கையிலும் கண்ணிலும் இருப்பதே பெரிது. இலங்கையில் அவ்வறிவைப் படத்தாற் பேண முயன்றோருள் தலையாயவர் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947). கனிப்பொருள் ஆய்வின் பொருட்டுக் கிராமங்கள்தோறும் சென்ற அவர், கண்டி நாட்டுக் கம்மாளர் முதலியோரின் தொழில்கள் அருகி வருதலைக் கண்டு வருந்தினார். மனைவியார் எதெல் எடுத்த நிழற்படங்களுடன், 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்டார். வில்லியம் மொரிசுக்குரியதாயிருந்த கையச்சுப் பொறியில் அச்சான பிரதிகள் 425 மட்டுமே!

எனினும், நிழற்படம் ஒரு கணத்தையே காட்டும். மெழுகுருவின்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகம் வார்க்கும் தொழிலை நோக்குக. உலோகம் பதமாயிற்றென்பதைக் கம்மியன் அதன் நிறங்கண்டே அறிவான். எவ்வாறு அறிந்தாயென வினவினால், "பழக்கம்" என்பதே விடையாகும்.

இக்காலத்தில், உலோகம் அச்சினுட் பாய்வதையும் ஆறுவதையும் கணினித் திரையில் இயங்குருவாக்கிக் காட்டுகின்றனர். அதனைக் காணும் முதியவன், "இம்மூலையிற் காற்று அடைபடும்; வாய் இன்னும் அகல வேண்டும்" என்று திருத்துவானாயின், நேர்வினாவுக்கு வாராத நுட்பம் வெளிப்பட்டுவிடும். அத்திருத்தம் அப்போதே பதிவும் ஆகும். குமாரசுவாமி கண்டு பேசிய கம்மாளர்முன் விரிப்பதற்கு அத்தகைய திரை அன்று இல்லை.